இறக்கம் பழகும் தீவு

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு ரீயூனியன். இங்கே புதிதாக வந்தவரிடம் எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்து முடித்ததும் அடுத்து வரும் கேள்வி, “மாஃபாத் போயாச்சா?” என்பதுதான். சாலையே இல்லாத பெரும்பள்ளத்தாக்கு அது. 3,071 மீட்டர் உயரமுள்ள பழைய எரிமலை பித்தோன் தே நேஜைச் சுற்றி இப்படி மூன்று பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. சிலாவோஸுக்கும் சலாஸிக்கும் பஸ் போகும். மாஃபாத்துக்கு நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். உள்ளே சில நூறு பேர் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடமும் மளிகைக் கடையும்கூட உண்டு. அரிசி, சிமெண்ட், கேஸ் சிலிண்டர் எல்லாம் வானத்தில் தொங்கிக்கொண்டுதான் வந்து இறங்கும்.

நான் காரைக்கால்காரி. எங்கள் ஊரில் ஏற்றம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் அரசலாற்றுப் பாலத்தைத்தான் காட்ட முடியும். 1962-இல் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்ததால் எங்களுக்குப் பாரிஸ் வாய்த்தது. அங்கே கால்வாய்க் கரையோரம் ஓடிப் பழகினேன். அதுவும் சமதரைதான். அப்புறம் கணவருக்கு வேலை மாற்றல் வந்து, தீவின் கிழக்குப் பக்கம் சேன் ஆந்த்ரேயில் குடியேறினோம்.

சேன் ஆந்த்ரேயில் தமிழரைத் தேட வேண்டியதில்லை. தபால் பெட்டிகளில் பிரெஞ்சு எழுத்தில் முத்துசாமியும் வீரப்பனும் ரங்கசாமியும் வரிசையாக இருப்பார்கள். கோபுரம் இருக்கிறது, காவடி இருக்கிறது, பதினெட்டு நாள் விரதமிருந்து தீ மிதிக்கிறார்கள். பேச்சு மட்டும் கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவு மொழி. பக்கத்து வீட்டுப் பெரியவரைத் தெருவே ‘தோன்தோன்’ என்று கூப்பிடுகிறது. மாமா என்கிற மாதிரி. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சாமி கும்பிடும்போது அட்சர சுத்தமாகத் தமிழ் வரும். பூசை முடிந்தால் கிரியோல்தான். அறுபதைத் தாண்டிய அவர் ஞாயிறு விடிகாலை நாலரைக்கு டார்ச்சும் தண்ணீர்ப்பையுமாக மலைக்குக் கிளம்புவார். தெருவில் நர்ஸ், பஸ் டிரைவர், பள்ளிச் சமையல்காரம்மா என்று ஒரு கூட்டமே அவரோடு வண்டியேறும். கோயில் வாசலில் கிடைத்த பழக்கத்தைவிட அந்த வண்டியின் பின்சீட்டில் கிடைத்த பழக்கம்தான் எங்களுக்கு இந்த ஊரில் நின்றது.

நாலரை மணிக்கு ஏன் என்றால், பத்து மணிக்கெல்லாம் பள்ளத்தாக்குகளில் மேகம் ஏறிவிடும். அதற்குப் பிறகு எதிரில் இருக்கும் பாறைகூடத் தெரியாது. கிழக்குப் பக்கம் மழைக்குப் பேர் போனது. தீவின் இன்னொரு எரிமலையான பித்தோன் தே லா ஃபூர்னேஸின் மேலே ஃபோக்ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது, இன்றுவரை உலக சாதனை. காரைக்காலில் ஒரு வருஷத்துக்கே அவ்வளவு பெய்யாது. அதே தீவின் மேற்குக் கரையில் புல் காய்ந்து கிடக்கும். ஆகவே “மலைப்பாதைக்கு நல்ல ஷூ எது?” என்று பொதுவாகக் கேட்டால் இங்கே யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். எந்தப் பக்கத்துப் பாதை என்று திருப்பிக் கேட்பார்கள்.

நான் பாரிஸிலிருந்து கொண்டுவந்த ஷூவைத் தோன்தோன் கையில் வாங்கினார். முன்பாதியை மடக்கிப் பார்த்தார். இரண்டு முனையையும் பிடித்து, துணி பிழிகிற மாதிரி முறுக்கினார். கவிழ்த்து, நடு அடியில் கட்டைவிரலை ஊன்றி அழுத்தினார். கடைசியாக ரப்பரை நகத்தால் கீறினார். நகம் பதியவே இல்லை. “இது சூப்பர் மார்க்கெட்டுக்கு நல்லது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த நாலு சோதனைக்கும் காரணம் உண்டு. மடங்குகிற இடம் விரல் மூட்டில் இருக்க வேண்டும். நடுப்பாதத்தில் மடங்குகிற ஷூ கூர்ப்பாறையில் பாதத்தைத் தாங்காது. எளிதாக முறுக்கிக்கொள்ளும் ஷூ சாய்வான பாறையில் காலையும் முறுக்கிவிடும். கட்டைவிரல் அழுத்தினால் உள்ளே உறைக்கிறதென்றால் கல் குத்தும்போது பாதத்துக்கும் உறைக்கும்; அதற்காகத்தான் சில ஷூக்களில் அடிக்குள் மெல்லிய தகடு வைக்கிறார்கள். நகம் பதியாத கெட்டி ரப்பர் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ஈரப் பாறையில் பிடிக்காது. மெத்தென்ற ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். இரண்டும் ஒரே அடியில் கிடைக்கும் என்று விளம்பரம் சொன்னால் நம்பாதீர்கள். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும்.

அடியில் இருக்கும் பற்களின் உயரமும் அப்படித்தான். காய்ந்த பாறைக்கும் கெட்டித் தரைக்கும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் போதும். சலாஸிப் பக்கத்துச் சேற்றுக்கு ஐந்து, ஆறு மில்லிமீட்டரும், பற்களுக்கு நடுவே நல்ல இடைவெளியும் வேண்டும். நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொண்டு அடி வழுவழுவென்று ஆகிவிடும். அதே உயரப் பற்களோடு பாறையில் ஓடினால் ஒவ்வொரு பல்லும் வளைந்து காலுக்குக் கீழே ஆட்டம் காணும். எரிமலைப் பக்கம் போனால் வேறு கதை. பித்தோன் தே லா ஃபூர்னேஸின் குழம்பு இரண்டு விதமாக உறைந்து கிடக்கிறது. ஒன்று கயிறு சுருட்டி வைத்தாற்போல மழமழப்பாக இருக்கும், ஓட சுகம். இன்னொன்று ‘கிராத்தோன்’, உடைந்து சிதறிய கரடுமுரடான கட்டிகள். அது ரப்பரை அரம் கொண்டு ராவிவிடும். வெளிநாட்டு இதழ்களில் ஒரு ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை வரும் என்று எழுதுகிறார்கள். கிராத்தோனில் ஓடுகிறவர்கள் அந்தக் கணக்கைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

ஆனாலும் அடியை மட்டும் பார்த்து இந்தத் தீவில் ஷூ வாங்க முடியாது. இங்கே ஷூவைத் தேர்ந்தெடுப்பது இறக்கம். ஏற்றத்தில் யாரும் ஓடுவதில்லை. முட்டியில் கைவைத்து, வேகமாக நடக்கிறார்கள். பாதையெல்லாம் படிக்கட்டு, கட்டைகளைக் குறுக்கே பதித்து மண்ணை நிறுத்தியிருப்பார்கள். ஒரு படிக்கும் அடுத்ததுக்கும் உயரம் ஒத்துப் போகாது. சிலாவோஸுக்கும் மாஃபாத்துக்கும் நடுவில் கொல் து தாய்பித் கணவாய் 2,081 மீட்டர். அங்கிருந்து சிலாவோஸ் பக்கம் இறங்கும்போது, ஈரக் கட்டைமேல் மிதிக்காமல் கட்டைக்குப் பின்னாலிருக்கும் மண்ணில் மிதிக்க வேண்டும் என்பதை எனக்கு முன்னால் போன நர்ஸின் குதிகாலைப் பார்த்துத்தான் பழகினேன். அவர் வாயால் எதுவும் சொல்லித் தரவில்லை.

இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பளுவைத் தாங்குகிறது. இந்த வேலையில்தான் தசை அதிகம் சேதப்படும். வலியும் உடனே வராது; ஒன்றிரண்டு நாள் கழித்து, மாடிப்படி இறங்கும்போதுதான் தன் முழு உருவத்தைக் காட்டும். நல்ல செய்தி என்னவென்றால், ஒரு முறை அப்படி அடி வாங்கிய தசை சில வாரங்களுக்கு அடுத்த அடியைச் சுலபமாகத் தாங்குகிறது. அதனால் பெரிய ஓட்டத்துக்கு முந்தைய வாரங்களில் இங்கே இறக்கத்தைத்தான் தனியாகப் பயிற்சி செய்கிறார்கள். மேலே வண்டியில் போய், கீழே ஓடி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சோம்பேறித்தனம் இல்லை, கணக்குத்தான். எட்டு சின்னதாக, வேகமாக இருக்க வேண்டும். குதிகாலை ஊன்றி பிரேக் போடக் கூடாது. பார்வை காலடியில் இல்லாமல் மூன்று நான்கு மீட்டர் முன்னே இருக்க வேண்டும். கை இரண்டையும் அகல விரித்துக்கொள்ளலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இறக்கத்தில் பாதம் முன்னால் சரிந்து நகம் ஷூவின் நுனியில் இடிக்கும். கறுத்த நகம் இங்கே பலருக்கும் சகஜம். வாங்கும்போதே பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட வேண்டும். நாள் முழுக்க நடந்து பாதம் வீங்கிய சாயங்கால நேரத்தில், ஓடப்போகிற அதே காலுறையோடு போட்டுப் பார்ப்பது நல்லது. பெரிய அளவு எடுத்தால் குதிகால் நழுவுமே என்றால், அதற்குத்தான் மேலே கடைசியாக ஒரு துளை உபரியாக இருக்கிறது. கயிற்றை அதே பக்கத்துத் துளையில் விட்டு ஒரு வளையம் செய்து, எதிர்ப்பக்கத்துக் கயிற்றை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது. தீவின் தலைநகர் சேன் தெனியில் ஒரு கடையில் சாய்வுப் பலகை வைத்திருக்கிறார்கள். அதில் ஏறி நின்று குதித்துப் பார்த்துவிட்டு வாங்கினேன். விலையைப் பார்த்தால் தலை சுற்றும். கடல் கடந்து வரும் சாமானுக்கு ‘ஒக்த்ருவா தே மேர்’ என்று தீவு வரி வேறு இருக்கிறது.

தண்ணீர் புகாத சவ்வு வைத்த ஷூ இந்த ஊருக்கு வேண்டாம் என்பது என் முடிவு. ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் மேல்வழியாக உள்ளே வரும். வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கடைசிவரை கூடவே வரும். வலைத்துணி ஷூ நனையும், ஆனால் இருபது எட்டில் வடிந்துவிடும். உயரமான மெத்தை வைத்தவையும் எனக்கு ஒத்துவரவில்லை. தரையிலிருந்து பாதம் எவ்வளவு உயரமோ, வேரில் மிதிக்கும்போது கணுக்கால் அவ்வளவு சுலபமாகச் சாயும். தோன்தோன் ஒரு படி மேலே போய், மெத்தையே பாவம் என்பார். வெறுங்காலில் தீ மிதித்தவர், அவருக்கென்ன! குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் குறைந்த ஷூவுக்கு மாறுவதாக இருந்தால் மெல்ல மாற வேண்டும், கெண்டைக்காலும் குதிநரம்பும் திடீர் மாற்றத்தைப் பொறுக்காது.

வார நாட்களில் கரும்புத் தோட்டத்து மண்பாதைகள்தான் எனக்கு. ஜூலை முதல் டிசம்பர் வரை வெட்டு நடக்கும். கரும்பு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட வேண்டும். அந்தப் பாதைகளுக்கு ஷூவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், பழசு எதுவும் போதும்.

நான் அடிக்கடி போகிற பாதை வேறொன்று. லா பொஸெஸியோனிலிருந்து சேன் தெனி நோக்கிப் போகும் ஆங்கிலேயர் பாதை. கறுப்பு எரிமலைக் கல்லைப் பாவிய பழைய சாலை. 1810-இல் ஆங்கிலேயப் படை வந்த வழி. கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் நிற்கும், வெயிலில் கொதிக்கும், மழையில் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். நீண்ட பற்கள் இங்கே வேலைக்கு ஆகாது. தட்டையான, மெத்தென்ற ரப்பர்தான் பிடிக்கும். பாதை நடுவில் கிராந்த் ஷலூப் என்ற பள்ளத்தில் இறங்குகிறது. அங்கே 1860-களின் லசாரே இருக்கிறது. 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களை, நோய் பரவாமலிருக்க, கரையேறியதும் அடைத்து வைத்த கட்டடங்கள். அவர்களில் பலர் கப்பல் ஏறிய துறைமுகங்கள் பாண்டிச்சேரியும் எங்கள் காரைக்காலும். 1882-இல் பிரிட்டிஷ் அரசு அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது. அந்தக் கட்டடங்களை இப்போது செப்பனிட்டுக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். முதல் தடவை தோன்தோன் அங்கே நின்று தண்ணீர் குடித்துவிட்டு, “எங்க பாட்டனார் இங்கேதான் இறங்கினாராம், ஷூ இல்லாமல்” என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஏற்றத்தைத் தொடங்கிவிட்டார்.

கிரான் ரெய்ட் ஓடுகிறவர்களுக்கும் இந்தக் கற்கள்தான் கடைசிச் சோதனை. 1989-இல் தொடங்கிய ஓட்டம். பைத்தியக்காரர்களின் மூலைவிட்டம் என்று பட்டப்பெயர். அக்டோபரில், தெற்கே சேன் பியேரில் இரவில் கிளம்பி, தீவைக் குறுக்கே வெட்டி, வடக்கே சேன் தெனியின் லா ரெதூத் மைதானத்தில் முடியும். வருஷத்துக்கு வருஷம் பாதை மாறும். 165 முதல் 180 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 10,000 மீட்டர் அளவில். கால அவகாசம் 66 மணி நேரம். ஊன்றுகோல் அனுமதி இல்லை. முடித்தவர்களுக்கு ‘நான் பிழைத்தேன்’ என்று அச்சிட்ட டீ-ஷர்ட். அந்த வாரம் முழுக்க வானொலியிலும் மீன்கடையிலும் இதே பேச்சுதான். “ஓடுறதுக்குத் தீவு வரைக்கும் போகணுமா, நம்ம பீச் ரோடு காலியாத்தானே கிடக்கு?” என்று போனில் கேட்ட என் மாமியார், போன வருஷம் இங்கே வந்திருந்தபோது பாதையோரம் மற்ற பாட்டிகளோடு நின்று யார் யாருக்கோ கை தட்டினார்.

அந்த நீளம் எனக்கு ஆசையில்லை. அதன் கூடவே செம்ப்ரோக்கால் என்று அஞ்சல் ஓட்டம் (ரிலே) நடக்கிறது. மஞ்சள்தூளும் பயறும் போட்டு ஆக்குகிற இந்த ஊர்ச் சோற்றின் பெயர். எல்லாம் கலந்தது என்பதால் வைத்திருக்கலாம். எங்கள் தெரு அதற்குப் பெயர் கொடுத்திருக்கிறது. எனக்கு வந்திருப்பது இரவில் விழும் பங்கு, பெரும்பாலும் இறக்கம். ஷூ விஷயம் முடிந்துவிட்டது. நெற்றி விளக்கில்தான் இப்போது தகராறு: மூடுபனியில் வெளிச்சம் கண்ணிலேயே திருப்பி அடிக்கும், நெற்றியில் கட்டாமல் இடுப்பில் கட்டு என்கிறார் தோன்தோன். நர்ஸ் இரண்டு இடத்திலும் கட்டச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை மேகம் இறங்கியபின் இரண்டையும் கட்டிப் பார்க்கப் போகிறோம்.