நாடா, கம்பி, நாலு வண்ணப் பேனா

1981-இல் வெளிவந்த ஷார்ப் பிசி-1500 என்னும் பாக்கெட் கணினி, தனியாக இருக்கும்போது ஒரு நல்ல கால்குலேட்டரைவிடச் சற்றே மேலான கருவி என்றுதான் சொல்லவேண்டும். 26 எழுத்துகள் கொள்ளும் ஒற்றை வரித் திரை, 1.3 மெகாஹெர்ட்ஸில் ஓடும் செயலி, பேசிக் என்ற எளிய நிரல்மொழியில் எழுதுவதற்கென்று 1,850 பைட் இடம். இவ்வளவுதான் அதன் சொத்து. (எந்தச் சட்டைப் பாக்கெட்டை அளந்து அதற்குப் பாக்கெட் கணினி என்று பெயர் வைத்தார்களோ தெரியவில்லை, என் சட்டைகள் எதிலும் அது நுழைந்ததில்லை.) ஆனால் எழுதிய நிரலைச் சேமிக்கவும், இன்னொரு கணினிக்கு அனுப்பவும், தாளில் வரையவும் வழி செய்துவிட்டால் அது வேறு பிறவி எடுத்துவிடுகிறது. அந்த மூன்று வழிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்த கதை இது. மூன்றிலுமே பழைய கருவி எனக்கு அதிகத் தொல்லை தரவில்லை. எதிர்முனையில் நான் வைத்த புதிய கருவிகளின் அதிகப்பிரசங்கித்தனத்தை அடக்குவதில்தான் பெரும்பாலான இரவுகள் போயின.

சேமிப்புக்கும் அச்சுக்கும் ஒரே துணைக்கருவிதான்: சிஇ-150. கணினியை அதன் தொட்டிலில் பதித்து, பக்கவாட்டிலுள்ள 60 முனை இணைப்பியில் அழுத்திப் பொருத்த வேண்டும். பொருத்தும்போதும் கழற்றும்போதும் இரண்டு கருவிகளும் அணைந்திருக்கவேண்டும் என்பதைக் கையேட்டின் வழக்கமான பயமுறுத்தல் என்று தள்ளிவிடக் கூடாது. இந்த இணைப்பியில் செயலியின் முகவரிக் கம்பிகளும் தரவுக் கம்பிகளும் நேரடியாக வெளியே வருகின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு முனை முன்னும் பின்னுமாகத் தொட்டாலே நினைவகத்தில் இருப்பது கலைந்துவிடும். அப்புறம் திரையில் 'நியூ0? : செக்' என்று வரும், அப்படி வந்தால் உள்ளே இருந்த நிரலை மறந்துவிட வேண்டியதுதான்.

பழைய சிஇ-150 ஒன்று கைக்கு வந்தால், மின்சாரம் கொடுப்பதற்கு முன் அதைத் திறந்து பார்ப்பது நல்லது. உள்ளே நிக்கல்-காட்மியம் பேட்டரி அடுக்கு ஒன்று இருக்கிறது. இவ்வளவு வருடங்களுக்குப் பிறகு அது கசியாமல் இருந்தால் அதிர்ஷ்டம். கசிந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பது காரம். நீர்த்த வினிகரைப் பஞ்சில் தொட்டு அதைச் சமன் செய்து, பிறகு ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பேட்டரியை எடுத்தெறிந்துவிட்டு அடாப்டரிலேயே ஓட்டிவிடலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் எழுதுபேனாவை நகர்த்தும் மோட்டார்கள் புறப்படும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டத்தை அந்தச் சிறிய அடாப்டரால் தனியாகத் தர முடியாது. இடையில் பேட்டரி ஒரு தண்ணீர்த் தொட்டியைப்போல் நின்று தரவேண்டும். அதே எண்ணிக்கையில் நிக்கல்-உலோக ஹைட்ரைடு செல்களைப் பற்றவைத்து மாற்றிவிட்டேன்.

இனிச் சேமிப்பு. சிஇ-150-இல் இரண்டு டேப் ரெக்கார்டர்களை இணைக்கலாம். ஒன்றிலிருந்து படித்து மற்றொன்றில் எழுதும் வசதிக்காக அப்படி. 'சிசேவ்' என்று கட்டளையிட்டால் நிரல் ஒலியாக மாறி வெளியே வருகிறது. ஒன்று என்னும் பிட்டுக்கு ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸில் எட்டு அலைகள். சுழியம் என்னும் பிட்டுக்கு அதன் பாதி அதிர்வெண்ணில் நான்கு அலைகள். இரண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்றே. கணக்குப் போட்டால் விநாடிக்கு 300 பிட்டுக்குச் சற்று மேல் வரும். நினைவகம் நிறைய எழுதிய நிரலை அனுப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. தொடக்கத்தில் சில விநாடிகள் மாறாத ஒரே சுருதியில் ஒலி வரும். படிக்கும் பக்கம் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்வதற்கான முன்னொலி அது.

கேசட் ரெக்கார்டர் கைவசம் இல்லாததால் கைபேசியில் பதிவு செய்தேன். பதிவானதைக் காதால் கேட்டபோது குறையொன்றும் தெரியவில்லை. நிரலைத் திரும்ப ஏற்றும் 'சிலோட்' கட்டளை மட்டும் எத்தனை முறை போட்டாலும் எதையும் கண்டுபிடிக்காமல் காத்துக்கொண்டே இருந்தது. வால்யூமை ஏற்றினேன், இறக்கினேன், கேபிளை மாற்றினேன். கடைசியில் பதிவை மேசைக் கணினியில் அலைவடிவமாகத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. முன்னொலி கம்பீரமாகத் தொடங்கி, அரை விநாடிக்குள் தேய்ந்து, நூலிழையாகிவிட்டிருந்தது. மாறாமல் ஒலிக்கும் எதுவும் மின்விசிறி இரைச்சல்தான் என்று கைபேசியின் இரைச்சல் நீக்கி முடிவு கட்டி, மிகுந்த அக்கறையோடு அதை அழித்திருக்கிறது! அதன் பின் வந்த தரவுப் பகுதியிலோ, ஒலி குறைந்த இடங்களைத் தானாக உயர்த்தும் இன்னொரு வசதி புகுந்து, அலைகளின் உயரத்தை மேடு பள்ளமாக்கியிருந்தது.

இந்த இரண்டு உதவிகளையும் நிறுத்த முடிகிற பதிவுச் செயலியைத் தேடி, ஒற்றைத் தடத்தில், விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில், சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதிவு செய்ததும் முதல் முயற்சியிலேயே நிரல் திரும்ப ஏறியது. மடிக்கணினியின் ஒலி உள்ளீட்டைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மடிக்கணினியும் சிஇ-150-ம் தனித்தனி அடாப்டரில் ஓடும்போது, இரண்டின் பூமி இணைப்பு வழியாகவும் ஒரு முணுமுணுப்பு பதிவில் ஏறிவிடுகிறது. பதிவு முடியும்வரை மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கி வைத்தாலே போதும்.

ஒலி அளவு வேறொரு சிக்கல். பழைய ரெக்கார்டரின் இயர்போன் துளை ஒரு சிறிய ஒலிபெருக்கியையே ஓட்டக்கூடியது. கைபேசியின் ஹெட்போன் துளையில் அவ்வளவு மின்னழுத்தம் வராது. முழு வால்யூமில் வைத்தும் படிக்கவில்லை என்றால், பதிவையே கணினியில் உச்ச அளவுக்கு உயர்த்தி, ஈக்வலைசர் எதையும் சேர்க்காமல் இசைக்கவேண்டும். அதுவும் போதாதபோது பேட்டரியில் ஓடும் சிறிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை இடையில் வைத்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை பழுதில்லை. சேமித்தவுடன் 'சிலோட்' கட்டளையோடு கேள்விக்குறி சேர்த்து இட்டால், நாடாவில் உள்ளதையும் நினைவகத்தில் உள்ளதையும் ஒப்பிட்டுச் சொல்லும். சோம்பலால் இதைச் செய்யாமல் விட்டு ஒரு நிரலை இழந்திருக்கிறேன். பாக்கெட்டூல்ஸ் என்ற இலவச நிரல்தொகுப்பு கிடைக்கிறது. அது வேவ் கோப்பிலிருந்து பைட்டுகளைப் பிரித்தெடுக்கும், சாதாரண உரைக்கோப்பாக எழுதிய பேசிக் நிரலை வேவ் கோப்பாக மாற்றவும் செய்யும். மேசைக் கணினியில் வசதியாகத் தட்டச்சு செய்து, ஒலியாக்கி, பாக்கெட் கணினிக்கு ஊட்டுவது இப்போது எனக்குப் பழகிப்போன வழி.

தகவல் தொடர்புக்கு சிஇ-158 என்ற தனிப் பெட்டி. அதில் பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் ஆர்எஸ்-232 என்ற தொடர் வாயிலும், அச்சுப்பொறிக்கான இணை வாயிலும் உண்டு. இதற்கும் சொந்தப் பேட்டரி இருப்பதால் முன்னர்ச் சொன்ன கசிவு விசாரணை இங்கும் பொருந்தும். வேகம் 2400 பாட் (விநாடிக்கு இத்தனை பிட் என்னும் அளவு) வரை போகும்; நான் 1200-இலேயே நிறுத்திக்கொண்டேன்.

இங்கே நான் தடுக்கி விழுந்தது சாதாரண இடத்தில். 25 முனை இணைப்பியில் இரண்டாவது முனை அனுப்புவது, மூன்றாவது முனை பெறுவது, ஏழாவது முனை பூமி என்று மனப்பாடமாகத் தெரியும். ஆனால் அனுப்புவது யார் என்பது கருவி தன்னை முனையமாக (டெர்மினல்) கருதுகிறதா, மோடமாகக் கருதுகிறதா என்பதைப் பொறுத்தது. இரு பக்கமும் தன்னை முனையம் என்றே நினைத்துக்கொண்டால், நேர்க் கேபிளில் இருவருமே ஒரே கம்பியில் பேசுவார்கள், ஒரே கம்பியில் செவி வைப்பார்கள். பாதி இரவு அப்படித்தான் கழிந்தது. கையேட்டைப் புரட்டாமலேயே இதைக் கண்டறிய மல்டிமீட்டர் போதும். கருவியை இயக்கி, எதையும் அனுப்பாமல், ஏழாவது முனையில் கறுப்புக் கம்பியை வைத்து இரண்டையும் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும் ஆர்எஸ்-232 அனுப்பு கம்பி எதிர்மறை மின்னழுத்தத்தில் நிற்கும். எந்த முனையில் கழித்தல் குறி தெளிவாக வருகிறதோ அதுதான் அனுப்பும் முனை. இரண்டு கருவிகளிலும் அது ஒரே எண்ணில் இருந்தால் கம்பிகளைக் குறுக்காக மாற்றவேண்டும்.

மீட்டரை வைத்துப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. இன்று மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி தொடர் பலகைகள் பலவும் சுழியத்துக்கும் 3.3 அல்லது 5 வோல்ட்டுக்கும் இடையில் பேசுபவை. அவற்றை அப்படியே ஆர்எஸ்-232 முனையில் மாட்டினால் தலைகீழான சமிக்ஞையும் தாங்க முடியாத மின்னழுத்தமும் சேர்ந்து பலகையைக் கொன்றுவிடும். நடுவில் மாக்ஸ்232 போன்ற மட்டம் மாற்றும் சில்லு வேண்டும், அல்லது ஆர்எஸ்-232 என்றே விற்கப்படும் கேபிளை வாங்க வேண்டும். ஷார்ப்பின் இன்னொரு பாக்கெட் கணினியான பிசி-1350-இல் நிலைமை நேர் எதிர். அதன் 15 முனை வாயில் அந்தப் பலகைகளைப் போலவே லாஜிக் மட்டத்தில் பேசுகிறது, ஆனால் சமிக்ஞை மட்டும் தலைகீழாக இருக்கிறது. எஃப்டிடிஐ நிறுவனத்தின் சில்லு வைத்த யுஎஸ்பி பலகையில் அந்தத் தலைகீழ்ச் சமிக்ஞையை அமைப்பிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அங்கே கூடுதல் சில்லுக்கு வேலையில்லை.

கம்பி சரியானபின் மீதியெல்லாம் இனிமை. 'செட்காம்' கட்டளையில் வேகமும் பிட் எண்ணிக்கையும் சொல்லி, 'செட்டெவ்' கட்டளையில் எந்தப் போக்குவரத்தைத் திருப்பவேண்டும் என்று சொன்னால், அதுவரை பேனாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'எல்லிஸ்ட்' கட்டளையின் நிரல் பட்டியல் தொடர் வாயில் வழியாக மேசைக் கணினியின் திரையில் வந்து விழுகிறது. அதை உரைக்கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். எதிர்த்திசையில்தான் பொறுமை தேவை: புதிய கணினி ஒரே மூச்சில் கொட்டுவதை வாங்கி வைக்கப் பழைய கருவியிடம் இடமில்லை. முனைய நிரலில் ஒவ்வோர் எழுத்துக்கும் சில மில்லிவிநாடியும் ஒவ்வொரு வரிக்கும் அதைவிட நீண்ட இடைவெளியும் விடச் சொன்னேன். அதற்குமுன் வரிகளின் வால்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

11 முனை இணைப்பி கொண்ட மற்ற ஷார்ப் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக ஒரு சொல். அவற்றுக்கு சிஇ-126பி என்ற வரிக்கு 24 எழுத்து அச்சிடும் வெப்ப அச்சுப்பொறியே கேசட் இணைப்பியாகவும் விளங்குகிறது. சிஇ-140எஃப் என்ற 2.5 அங்குல வட்டியக்கியும் உண்டு. வட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் 64 கிலோபைட். பார்க்க அழகானது, ஆனால் அதற்கான வட்டுகளைத் தேடி அலைவதைவிட வேவ் கோப்பே மேல் என்பது என் கட்சி.

கடைசியாக அச்சு. சிஇ-150-இன் உண்மையான வசீகரம் இதில்தான் இருக்கிறது. சுண்டுவிரல் நகத்தளவு அகலமான நான்கு குட்டிப் பேனாக்கள் ஓர் உருளையில் சுற்றிலும் செருகப்பட்டிருக்கும்: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு. நிறம் மாற வேண்டுமென்றால் உருளை ஓரத்துக்கு ஓடிப் போய் முட்டிக்கொள்கிறது. ஒரு முட்டுக்கு ஒரு திருப்பம். பேனா இடவலமாகவும் தாள் மேலும் கீழுமாகவும் நகர, 0.2 மில்லிமீட்டர் படிகளில் கோடு விழுகிறது. குறுக்கே 216 படிகள். மிகச் சிறிய எழுத்தில் வரிக்கு 36, வழக்கமான அளவில் 18 எழுத்துகள். 'டெஸ்ட்' என்று இட்டால் நான்கு நிறத்திலும் ஒவ்வொரு கட்டம் வரைந்து காட்டும். காலையில் அதைப் பார்க்காமல் நான் எதையும் அச்சிடுவதில்லை.

தாள் 58 மில்லிமீட்டர் அகலம். பில் போடும் கருவிகளுக்கான சுருள் ஏறக்குறைய அதே அகலம் என்று வாங்கினால் ஏமாற்றம்தான்; அது வெப்பத் தாள். அதன் வழவழப்பான பூச்சில் பேனா முனை வழுக்கி, கோடு விட்டுவிட்டு விழும். பூச்சில்லாத சாதாரணத் தாள் சுருளாகக் கேட்டு வாங்கி, பெட்டிக்குள் அடங்கும் பருமனுக்குச் சிறிய தண்டில் திருப்பிச் சுற்றிக்கொள்ள வேண்டும். சுற்று தளர்ந்தால் வட்டங்கள் முட்டை வடிவமாகும்.

பேனாக்கள் நீர் கலந்த மை கொண்டவை, ஆகவே மூடாமல் விட்டால் சில நாளில் காய்ந்துவிடும். காய்ந்ததை வெதுவெதுப்பான நீரில் முனை மூழ்க ஊறவைத்தால் சில உயிர்பெறும். முப்பரிமாண அச்சில் உறை செய்து அதற்குள் சாதாரண ரீஃபில் துண்டைப் பொருத்தியும் பலர் ஓட்டுகிறார்கள். நான் மூன்றை ஊறவைத்தே மீட்டேன். சிவப்பு மட்டும் எதற்கும் மசியவில்லை. அதனால் என் நிரல்களில் 'கலர் 3' என்று வரும் இடங்களையெல்லாம் இப்போதைக்கு 1 என்று மாற்றி, நீலத்திலேயே வரைந்துகொண்டிருக்கிறேன்.