ஹவ்லாண்ட் வம்சாவளி: எங்கெல்லாம் தடம் புரளும்

1620-இல் ஆங்கிலேயக் குடியேறிகளை அமெரிக்காவுக்கு ஏற்றிவந்த மேஃப்ளவர் கப்பலில், பிளிமத் குடியேற்றத்தின் முதல் ஆளுநரான ஜான் கார்வரின் வேலையாளாக வந்தவர் ஜான் ஹவ்லாண்ட். நடுக்கடலில் புயலில் தவறி விழுந்து, தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்த பாய்க்கயிற்றைப் பிடித்துப் பிழைத்தவர். பத்துப் பிள்ளைகள், 80-க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள். அமெரிக்க அதிபர்களான இரண்டு புஷ்களும் இந்த வழிதான். வம்சம் இவ்வளவு பெரிதாக இருப்பதால், ‘நாங்களும் அவர் வாரிசுதான்’ என்று சொல்லிக்கொள்பவர்களுக்கும் குறைவில்லை.

குடும்பப்பெயரை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. ஜானின் சகோதரர்கள் ஆர்தரும் ஹென்றியும் பின்னால் வந்து அதே பிளிமத் குடியேற்றத்தில் தங்கினார்கள். அங்கே தடைசெய்யப்பட்டிருந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு இடம் கொடுத்து அபராதம் கட்டியவர்கள். இன்று ஹவ்லாண்ட் என்ற பெயரோடு இருக்கும் பலர் இவர்கள் வழியில் வந்தவர்கள், மேஃப்ளவர் வாரிசுகள் அல்ல. ஜானின் பத்துப் பிள்ளைகளிலோ ஆறு பேர் பெண்கள். ஆகவே கோர்ஹம், சிப்மன், பிரவுன், பாஸ்வொர்த், குஷ்மன் போன்ற மருமகன்களின் குடும்பப்பெயர்களிலும் தேட வேண்டும்.

மனைவி விஷயத்தில் நடந்த குழப்பம் இன்னும் பெரியது. எலிசபெத், கார்வரின் மகள் அல்லது பேத்தி என்றே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். கார்வருக்குப் பின் பிளிமத் ஆளுநரான பிராட்ஃபோர்ட் எழுதிய குடியேற்ற வரலாற்றின் கையெழுத்துப்பிரதி லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹம் அரண்மனை நூலகத்தில் கிடைத்து, 1856-இல் அச்சான பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. ஹவ்லாண்டின் மனைவி ஜான் டில்லியின் மகள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. எலிசபெத்துக்கு இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரின் ஹென்லோவில் 1607-இல் ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. கார்வர் கதையை இன்னும் சுமக்கும் குடும்ப மரம் கண்ணில் பட்டால், அதில் மற்ற எதையும் சரிபார்க்காமல் எடுக்காதீர்கள்.

அடுத்தது தேதி. ஹவ்லாண்ட் இறந்தது 1672 பிப்ரவரி 23 என்று பதிவு சொல்கிறது. அவர் உயில் எழுதிய நாளோ 1672 மே 29. செத்த பிறகா உயில் எழுதினார்? 1752 வரை ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. ஆகவே அந்த பிப்ரவரி நம் கணக்கில் 1673. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை விழும் தேதிகளை ‘1672/73’ என்று இரட்டை ஆண்டாகவே குறித்துவையுங்கள். ஒற்றை ஆண்டாக ‘திருத்தி’ எழுதினால், அடுத்து வருபவர் இன்னொரு முறை திருத்திவிடுவார்.

வாரிசு என்று நிரூபிக்க ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு என மூன்று பதிவு வேண்டும். பிளிமத் இன்று இருக்கும் மாசசூசெட்ஸில் மாநில அளவிலான பதிவு 1841-இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு ஊர்ப் பதிவேடுகள்தான்; அவற்றில் இடைவெளிகள் நிறைய. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உள்ள உறவை நிரூபிக்க அப்போது கைகொடுப்பவை உயிலும் நிலப் பத்திரமும்தான்.

ஆனால் ஒரே ஒரு உயிலைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. எலிசபெத் 1686 டிசம்பர் 17 அன்று எழுதிய உயிலில் மகன் ஜானுக்கு பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டிண்டேலின் நூல்கள், ஜோசப்புக்குத் துலாக்கோல் என்று வீட்டுச் சாமான்கள்கூடப் பெயர் சொல்லிப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மகள்கள் டிசையர், ஹோப், ரூத் மூவரையும் மட்டும் அதில் காணோம். பகை ஏதும் இல்லை; மூவரும் அதற்குள் இறந்துவிட்டார்கள். தகப்பனாரின் 1672 உயிலில் ஆறு மகள்களும் புகுந்த வீட்டுப் பெயரோடு, ஆளுக்கு 20 ஷில்லிங் வீதம் இருக்கிறார்கள்.