கொழுந்துக் கணக்கு எல்லோருக்கும்

மார்ச் 3, ஹட்டன்
தேயிலைக் கொழுந்துக் கணக்குக்கு நான் எழுதிய செயலியைக் கட்டற்ற மென்பொருளாக, அதாவது யாரும் அதன் மூலநிரலை (கோட்) வாசித்து, மாற்றி, பகிரக்கூடியதாக வெளியிடுவது என்று முடிவாகிவிட்டது. மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) நிறுக்கும் கிலோவைப் பதிந்தால், சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது போக எவ்வளவு நின்றது, முழுப் பேரா (முழு நாள் சம்பளம்) அரைப் பேரா (பாதி நாள் சம்பளம்) என்று காட்டும். மாதக் கடைசியில் ஈபிஎஃப்பையும் (ஊழியர் சேமலாப நிதி) சொல்லும்: தொழிலாளியிடம் பிடிக்கும் 8 சதவீதம், தோட்டம் போட வேண்டிய 12 சதவீதம். அம்மா போன்றவர்கள் சம்பளத் துண்டைச் சரிபார்க்கத்தான் இதை எழுதினேன். சரிபார்க்கும் கருவியே தன் கணக்கை மறைத்தால் அதை எப்படி நம்புவது?

மார்ச் 5
“மூலநிரலை இணையத்தில் போட்டால் போதாதா?” என்கிறான் தம்பி. போதாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் காக்கிறது. உரிமம் எழுதாமல் விட்டால் மற்றவர்கள் வாசிக்கலாம், ஆனால் மாற்றிப் பகிர அனுமதி இருக்காது.

மார்ச் 9
எந்த உரிமம் போடுவது: எம்ஐடியா, ஜிபிஎல்லா? எம்ஐடி சின்னது, தெளிவானது. ஆனால் யாராவது இதை எடுத்து, கழிக்கும் கிலோவைக் கூட்டி, மூலநிரலை மறைத்துவிட்டுத் தொழிலாளர் கையில் கொடுக்கலாம். அதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. ஜிபிஎல்லில் மாற்றிக் கொடுப்பவர், வாங்குபவருக்கு மூலநிரலையும் கொடுக்க வேண்டும். விற்கத் தடையில்லை, விற்கட்டும். அப்புறம், செயலியைக் கொடுக்காமல் சர்வரில் ஓட்டினால்? அங்கே ஜிபிஎல் கட்டுப்படுத்தாது. 2007இல் வந்த ஏஜிபிஎல் 3 என்ற உரிமம் அந்த ஓட்டையையும் அடைக்கிறது: மாற்றிய வடிவத்தை நெட்வொர்க் வழியே பயன்படுத்துபவருக்கும் மூலநிரல் கிடைக்க வேண்டும். அதுவே என் தெரிவு.

மார்ச் 10
மழை. கரண்ட் இல்லை.

மார்ச் 14
சோதனைக்கு லயத்து (தோட்டக் குடியிருப்பு) அக்காமார் நம்பித் தந்த சம்பளத் துண்டுகளில் பெயரும் ஈபிஎஃப் இலக்கமும் இருக்கின்றன. கோப்பை அழித்தாலும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி பழைய வரலாற்றை வைத்திருக்கும். அதனால் பழையதை வெளியே விடாமல், கற்பனைத் தரவோடு புதிய களஞ்சியம் தொடங்கினேன். செயலி பயன்படுத்தும் நிரல் நூலகம் ஒன்று அப்பாச்சி 2.0 உரிமத்தில் உள்ளது; அது நான் தெரிந்தெடுத்த ஏஜிபிஎல் 3 உரிமத்தோடு ஒத்துப்போகும்.

மார்ச் 16
வெளியிட்டாயிற்று! விளக்கக் குறிப்பைத் தமிழில் எழுதினேன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்த நாட்டில் பிறந்த சகானா, பேரிடர் உதவிக்கான கட்டற்ற மென்பொருள். வேறு நாடுகளுக்கும் பயன்பட்டது. நம் மலையிலிருந்தும் அப்படி ஒன்று வரலாம் என்று மனமார நம்புகிறேன்.

மார்ச் 22
பண்டாரவளைப் பக்கமிருந்து முதல் திருத்தம். அங்கே ஒவ்வொரு நிறுவைக்கும் தனித்தனியாகக் கழிக்கிறார்களாம். என் கோட் நாளுக்கு ஒருமுறைதான் கழித்தது. அனுப்பிய தங்கச்சி அதை ஒரு தெரிவாகவே சேர்த்திருக்கிறாள். தோட்டத்தில் வேலை செய்வதால் சொந்தப் பெயர் வேண்டாம் என்றாள். சரி, புனைபெயரில் இணைத்துவிட்டேன். அடுத்தது சிங்கள மொழிபெயர்ப்பு.