மலாக்காவில் ஒன்றரை நாள்

சிங்கப்பூருக்கு வந்து நான்கு வருடம் ஆகியும் பக்கத்து மலேசியாவில் இருக்கும் மலாக்காவைப் பார்த்ததில்லை என்றால் ஆபீசில் யாரும் நம்புவதில்லை. ஏறக்குறைய 240 கிலோமீட்டர், பஸ்ஸில் உட்கார்ந்தால் நான்கு மணி நேரம் என்பார்கள். போன மாதம் தம்பி ஊரிலிருந்து வந்திருந்தான், சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பிவிடலாம் என்று டிக்கெட் போட்டோம். துவாஸ் எல்லையில் வரிசையில் நின்றே இரண்டு மணி நேரம் போய்விட்டது. வார இறுதியில் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள், வேறு வழி கிடையாது.

மலாக்கா சென்ட்ரலில் இறங்கி டவுன் பஸ் பிடித்து டச்சு சதுக்கத்துக்குப் போனோம். எல்லாப் போட்டோக்களிலும் வருகிற சிவப்புக் கட்டடங்கள் இங்கேதான் இருக்கின்றன. டச்சு கவர்னர் இருந்த ஸ்டாடைஸ் மாளிகை 1650 வாக்கில் கட்டியது, பக்கத்தில் இருக்கும் கிறைஸ்ட் சர்ச் 1753. டச்சுக்காரர்கள் காலத்தில் இவை வெள்ளையாகத்தான் இருந்தனவாம், சிவப்பு பின்னால் வந்தது. பார்க்க அழகுதான், ஆனால் அரை மணி நேரம் போதும்.

பின்னால் இருக்கும் செயின்ட் பால் குன்றில்தான் நான் நின்றுவிட்டேன். கூரை இல்லாத பழைய தேவாலயம், முதலில் 1521இல் போர்ச்சுகீசியர்கள் சிறிய கோயிலாகக் கட்டியது. உள்ளே தரையில் கம்பி போட்டு மூடிய ஒரு குழி இருக்கிறது. புனித சவேரியார் 1552 டிசம்பரில் சீனக் கடற்கரைத் தீவு ஒன்றில் இறந்த பிறகு, அவர் உடலை 1553இல் இங்கே கொண்டுவந்து சில மாதம் வைத்திருந்துதான் கோவாவுக்கு எடுத்துப் போனார்கள். அம்மா பிறந்தது மணப்பாடு. அங்கே கடலைப் பார்த்தபடி சவேரியார் தங்கிய குகை உண்டு, சின்ன வயதில் ஒவ்வொரு லீவுக்கும் அதற்குள் போய் உட்கார்ந்திருக்கிறோம். முத்துக்குளித்துறையில் பரதவர்களோடு இருந்துவிட்டுத்தான் அவர் இந்தப் பக்கம் வந்தார் என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு, அந்தக் குழிக்கு முன்னால் நிற்பது வேறு. தம்பி உடனே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டான், அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "போனை அசைக்காம காட்டுப்பா" என்றார்.

குன்றிலிருந்து இறங்கினால் கோட்டை வாசல். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியர்கள் கட்டிய பெரிய கோட்டை, 1641இல் டச்சுக்காரர்கள் கைக்குப் போனது, 1807இல் பிரிட்டிஷ்காரர்கள் வெடி வைத்து இடித்தார்கள், மிஞ்சியது இந்த ஒரு வாசல். மேலே 1670 என்று செதுக்கியிருக்கிறது, அது டச்சுக்காரர்கள் பழுது பார்த்த வருடம். மழை பிடித்துக்கொண்டதால் அந்த வாசலுக்குள்ளேயே ஒதுங்கி நின்றோம்.

ஆற்றைக் கடந்து ஜோங்கர் தெருவில் செண்டோல் சாப்பிட்டோம். தேங்காய்ப்பாலும் ஐஸும் பச்சை நிறச் சேமியா மாதிரி ஒன்றும் போட்டு, மேலே குலா மலாக்கா என்கிற பனைவெல்லப் பாகை ஊற்றித் தருகிறார்கள். முதல் வாயிலேயே "அக்கா, இது கருப்பட்டி!" என்றான் தம்பி. இங்கே பெரும்பாலும் தென்னம்பாளையில் இறக்கிக் காய்ச்சுகிறார்கள், ஆனாலும் அந்தப் புகை வாசனை அப்படியே உடன்குடிதான். ஒரு கிலோ வாங்கிக்கொண்டோம்.

சரி, அடுத்தது துக்காங் எமாஸ் தெரு, பொற்கொல்லர் தெரு என்று அர்த்தம். பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் கட்டியது. கொஞ்சம் தள்ளி கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1748இல் இந்திய முஸ்லிம் வியாபாரிகள் மரத்தில் கட்டி, 1872இல் செங்கல்லில் எழுப்பியது. குவிமாடம் கிடையாது, மூன்று அடுக்குக் கூரையும் பகோடா மாதிரி ஒரு மினாரும்தான். கிளிங் என்பது கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்கிறார்கள், நம் பக்கத்து ஆட்களை அப்படித்தான் அழைத்திருக்கிறார்கள். இன்னும் நாலு எட்டு வைத்தால் செங் ஹூன் தெங், சீனக் கோயில். மூன்று இடத்துக்கும் ஒரே தெருவில் நடந்தே போய்விடலாம்.

ஞாயிறு காலை மலாக்கா செட்டிகள் வாழும் காஜா பெராங் பகுதிக்குப் போனோம். இந்தப் பயணத்தில் நான் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தது இதைத்தான். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வியாபாரிகள் இங்கே கல்யாணம் செய்து தங்கிவிட்டார்கள், அவர்கள் வம்சம்தான் மலாக்கா செட்டிகள். பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும், கும்பிடுவது மாரியம்மனை. 1822இல் கட்டிய முத்து மாரியம்மன் கோயில் இருக்கிறது, சின்ன அருங்காட்சியகமும் உண்டு.

ஒரு வீட்டு நிலையில் மாவிலைத் தோரணம் தொங்கியது. வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் தமிழில் வணக்கம் சொன்னேன். சிரித்துக்கொண்டே கைகூப்பினார், தமிழ் வராது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் குறையே இல்லை, எனக்குத்தான் தொண்டை அடைத்தது. வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொங்கலுக்கு முன்னால் முன்னோர்களுக்கு வாழை இலையில் படையல் போடுவார்களாம், பார்ச்சு என்கிறார்கள். என்னென்ன வைப்பார்கள் என்று அவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார், முக்கால்வாசி மலாய்ச் சமையல். எங்கள் ஆச்சியும் தாத்தா நினைவு நாளில் இப்படித்தான், அவருக்குப் பிடித்ததை ஒன்று விடாமல் சமைப்பார். தமிழை விட்டுவிட்டார்களே என்று வருத்தப்பட்டுக்கொண்டு போன நான், ஐந்நூறு வருடமாக இவர்கள் எதையெல்லாம் விடவில்லை என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

கிளம்பும்போது எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மணப்பாடு என்றான் தம்பி. அந்தப் பேரை அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், இரண்டாவது தடவை சரியாக வந்தது. ஜனவரியில் போகி சமயத்தில் வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன்.