நிற்கும் தறிக்கும் வாடகை

சோமனூர் பக்கத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய கூடத்தில் எட்டு விசைத்தறிகள் ஓடின. சுவரின் மறுபக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அப்பாவுக்கு எட்டு ஓசைகளில் ஒன்று குறைந்தது தெரிந்துவிடும். "ஏங்கண்ணு, ஏழாந்தறி நிக்குது, என்னன்னு பாரு" என்பார். பாவில் இழை அறுந்திருக்கும். இல்லையென்றால் குறுக்கே ஓடும் நாடாவில் தார், அதாவது ஊடை நூல் சுற்றிய குழல், தீர்ந்திருக்கும். தார் தீர்ந்து தறி நிற்பதை மட்டும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. இழை அறுவது நூலின் குணம், தார் இல்லாமல் நிற்பது நம் கவனக்குறைவு என்பது அவருடைய கணக்கு. பள்ளி விட்டு வந்ததும் சுற்றிய தார்களை ஒவ்வொரு தறிக்கும் பக்கத்தில் நிரப்பி வைப்பது என் வேலையாக இருந்தது.

இப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு சிறிய குழுவில் இருந்துகொண்டு, மும்பையில் இருக்கும் வாடகைக் கணினிகளில் கணக்குகளை ஓட்டுகிறேன். பம்பு தயாரிப்பவர்களுக்காக நீரோட்டக் கணக்கும், நெசவுத் துணியில் குறை கண்டுபிடிக்கும் நரம்பு வலைப்பின்னல் பயிற்சியும் எங்கள் இரண்டு வேலைகள். இரண்டும் கிளஸ்டரில்தான் ஓடுகின்றன. அதாவது பல கணினிகளை வலையால் இணைத்து, ஒரே வேலையைப் பிரித்துக் கொடுத்துச் செய்விக்கிறோம். கூலிக்கு நெய்யும் தறிக்கு மீட்டர் கணக்கில் பணம் வரும். கிளவுடில், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் இந்தக் கணினிகளில், கணக்கு வேறு. கணினி நம் பேரில் எழுந்த நொடியிலிருந்து திருப்பிக் கொடுக்கும் நொடிவரை வாடகை ஓடும். அது கணக்குப் போட்டதா, எதற்காகவோ காத்துக்கொண்டிருந்ததா என்பதை மாதக் கடைசியில் வரும் பில் பிரித்துக் காட்டுவதில்லை. பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் தொழில் என்பது எனக்குப் புரிய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆயின.

சொந்தமாகக் கணினி வாங்கிவிடலாமே என்று பலர் கேட்பதுண்டு. ஒரு மாதம் முழுக்க வேலை இல்லாமல் இருப்போம். அடுத்த பதினைந்து நாளில் ஒரு பம்பின் உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லருக்கு முப்பது வடிவங்களைக் கணக்கிட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். இப்படி ஏறி இறங்கும் வேலைக்கு வாடகைதான் பொருந்தும். சாதாரணக் கணினிகளை வலையில் கோத்துப் பெரிய கணக்குப் போடலாம் என்பதை 1994-இல் நாசாவின் கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 'பியோவுல்ஃப்' கிளஸ்டரில் செய்து காட்டினார்கள். அதே ஆண்டில்தான் கணினிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்வதற்கான எம்பிஐ என்ற பொது விதிமுறையும் வெளிவந்தது. இன்று நீரோட்டக் கணக்குக்கு நாங்கள் பயன்படுத்தும் ஓபன்ஃபோம் மென்பொருளின் ஒவ்வொரு ஓட்டமும் அந்த விதிமுறையின் மேல்தான் நிற்கிறது.

நாங்கள் முதலில் நம்பியது கோர்களின், அதாவது கணினிச் சில்லுக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளின், எண்ணிக்கையை. பம்பின் உட்புறத்தை 40 லட்சம் சிறு கட்டங்களாகப் பிரித்த ஒரு கணக்கு 36 கோர்களில் 10 மணி நேரம் எடுத்தது. 72 கோர்களில் ஏறத்தாழ 5 மணி 40 நிமிடத்தில் முடிந்ததைப் பார்த்து மகிழ்ந்து 144 கோர்களுக்குப் போனோம். அங்கே 5 மணி 10 நிமிடம் ஆயிற்று. அரை மணி நேரம் மிச்சப்படுத்த வாடகையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியிருந்தோம். ஒரு வேலையில் நூற்றில் ஐந்து பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால், எத்தனை கணினிகளைக் கொண்டுவந்தாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது. 64 கோர்களைப் போட்டாலும் 15 மடங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஜீன் அம்தால் 1967-இல் முன்வைத்த வாதம் இது. அதைப் படித்திருந்தேன், ஆனால் பில்லில் பார்த்த பிறகுதான் அது எனக்குள் இறங்கியது.

காரணம் கணக்கின் உள்ளேயே இருக்கிறது. அமுக்க முடியாத நீரில் ஓர் இடத்து அழுத்தம் மாறினால் அது எல்லா இடத்தையும் தொடும். ஆகவே அழுத்தத்துக்கான சமன்பாட்டைத் தீர்க்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் கோர்களும் தங்கள் பங்குக் கூட்டுத்தொகையை ஒன்றுசேர்த்து, மொத்தத்தைத் தெரிந்துகொண்ட பிறகே அடுத்த சுற்றுக்குப் போக முடியும். 143 கோர்கள் முடித்துவிட்டு ஒன்று தாமதித்தால் 143-ம் காத்திருக்கும். கோர்களின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொன்றின் பங்கும் சுருங்குகிறது, அவற்றுக்கிடையிலான பேச்சு மட்டும் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. கணக்குப் போடும் நேரத்தைவிடப் பேசும் நேரம் அதிகமாகும் எல்லை ஒவ்வொரு கணக்குக்கும் வேறு. இப்போது எந்தப் பெரிய வேலைக்கும் முன்னால் கணக்கின் முதல் நூறு காலப்படிகளை (நேரத்தைச் சிறு துண்டுகளாக நகர்த்தும் படிகளை) மட்டும் மூன்று நான்கு அளவுகளில் ஓட்டி, அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று அளந்துகொள்கிறோம். இருபது நிமிட வேலைதான். அந்த இருபது நிமிடம் மிச்சப்படுத்திக் கொடுத்ததைப் போல வேறு எதுவும் எங்களுக்கு மிச்சப்படுத்தியதில்லை.

இன்னும் இரண்டு பாடங்களை அதே கணக்குதான் கற்றுக்கொடுத்தது. கிளவுடில் கணினியின் அளவைச் சொல்லி விற்கப் பயன்படும் அலகான விசிபியு என்பது பெரும்பாலான இன்டெல் கணினிகளில் பாதிக் கோர்தான்; ஒரே கோரை இரண்டு இழைகளாகக் காட்டுகிறார்கள். நீரோட்டக் கணக்கு நினைவகத்திலிருந்து எண்களை இழுத்து வருவதிலேயே திணறும் வகை. அந்த இரண்டாம் இழை அதற்கு உதவாது, சில சமயம் இடைஞ்சலாகவும் ஆகும். அதனால் அதை அணைத்துவிட்டு ஓட்டுகிறோம். மேலும், சொல்லிக் கேட்காவிட்டால் நமக்குக் கொடுக்கப்படும் கணினிகள் ஒரே கட்டடத்தின் வெவ்வேறு மூலைகளில்கூட அமைந்துவிடலாம். பக்கத்தில் பக்கத்தில் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

ஒருமுறை கோயம்புத்தூரின் கணபதி பகுதியில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எங்கள் அறிக்கைகள் இரண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார். "ஏனுங்க தம்பி, ஒரே பம்புதானுங்களே? போன வாரக் கணக்கும் இந்த வாரக் கணக்கும் கடைசியில நம்பர் மாறுதுங்களே, எதை நம்பறது?" என்றார். மாறியிருந்தது ஆறாவது இலக்கம். இரண்டு ஓட்டங்களையும் வெவ்வேறு எண்ணிக்கையிலான கோர்களில் ஓட்டியிருந்தோம். கணினி தசம எண்களை ஒரு குறிப்பிட்ட நீளத்தில் வெட்டித்தான் வைத்துக்கொள்ளும். எனவே கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும். பத்துப் பேர் எடைபோட்ட மூட்டைகளை வெவ்வேறு வரிசையில் கூட்டி, ஒவ்வொரு முறையும் கிராமை முழுமையாக்கினால் என்ன ஆகுமோ அதுவே என்று விளக்கினேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, அவருடைய சோதனை மேடையில் அளக்கும் கருவியின் பிழையே இதைவிடப் பல மடங்கு பெரியது என்று தாமாகவே சொன்னார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்றிலிருந்து ஒவ்வொரு அறிக்கையிலும் எத்தனை கோர்கள், மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்தக் கட்ட அமைப்பு என்பதை எழுதி, நம்பத்தக்க இலக்கங்களை மட்டுமே அச்சிடுகிறோம்.

துணி வேலைக்கு வருகிறேன். பல்லடம், சோமனூர் பகுதியில் நெய்யும் காடா துணியின் படங்களைக் கொண்டு, இழை விட்டுப்போன இடம், முடிச்சு, எண்ணெய்க் கறை, தறி நின்று கிளம்பிய கோடு ஆகியவற்றை அடையாளம் காண பைடார்ச் என்ற மென்பொருளில் ஒரு வலைப்பின்னலுக்குப் பயிற்சி கொடுத்தோம். எட்டு ஜிபியு, அதாவது ஒரே நேரத்தில் ஏராளமான கணக்குகளைப் போடும் சில்லுகள், உள்ள ஒரு கணினியை எடுத்திருந்தோம். எங்களுக்கு அது பெரிய வாடகை. முதல் நாள் மாலை ஜிபியுவின் பயன்பாட்டைக் காட்டும் திரையைத் திறந்து பார்த்தேன். எட்டு எண்களும் ஒருகணம் 95-க்கு ஏறின, பிறகு சுழிக்கு இறங்கிச் சில நொடிகள் அங்கேயே கிடந்தன, மறுபடி ஏறின. தார் இல்லாமல் எட்டுத் தறிகள் நின்றுகொண்டிருந்தன. வேறு எந்த விளக்கமும் எனக்குத் தேவைப்படவில்லை.

படங்கள் லட்சக்கணக்கான சிறு கோப்புகளாகத் தொலைவிலிருந்த கிளவுட் சேமிப்பகத்தில் இருந்தன. ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்கி, சுருக்கத்தை விரித்து, அளவை மாற்றி ஜிபியுவிடம் கொடுப்பதற்குள் அது தன் வேலையை முடித்துவிட்டு நின்றது. ஜிபியுவில் எந்த மாற்றமும் செய்யவில்லை. படங்களைச் சில நூறு பெரிய டார் (tar) தொகுப்புக் கோப்புகளாகக் கட்டினோம். பயிற்சி தொடங்கும் முன் அவற்றை அந்தக் கணினியின் உள்வட்டுக்கு இறக்கினோம். படத்தை விரிக்கும் வேலைக்குக் கணினியின் பொதுச் சில்லான சிபியுவில் கூடுதல் செயல்களை ஓடவிட்டோம், எப்போதும் சில தொகுதிகள் முன்கூட்டியே தயாராக இருக்கும்படி செய்தோம். மூன்று நாள் பயிற்சி ஒரு நாளுக்குள் வந்தது. அப்பாவிடம் சொன்னபோது, "தார் பெட்டிய முன்னாலயே நெரப்பி வெச்சீங்களாக்கும்" என்றார். அதைவிடச் சரியாக அதை நான் எங்கும் படித்ததில்லை.

மிகப் பெரிய இழப்பு வேறொரு வகையில் வந்தது. கிளவுட் நிறுவனங்கள் தங்களிடம் சும்மா இருக்கும் கணினிகளை மிகக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும், முழு வாடகை கொடுப்பவர் வந்தால் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளும். சில இடங்களில் 2 நிமிடம், சில இடங்களில் 30 நொடி முன்னறிவிப்பு உண்டு. 2009-இன் இறுதியில் அமேசான் தொடங்கிய முறை இது. இன்று பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. இந்த முறையில் எடுத்த கணினிகளில் 19 மணி நேரம் ஓடிய பயிற்சி ஒன்றை ஓர் இரவில் இழந்தோம். இடைநிலையைச் சேமிக்கும் செக்பாயிண்ட் இல்லாமல் அல்ல, இருந்தது. ஒரே பெயருள்ள கோப்பின் மேல் திரும்பத் திரும்ப எழுதும்படி நான் வைத்திருந்தேன். கணினி பறிபோன அதே நேரத்தில் அந்தக் கோப்பு பாதி எழுதப்பட்டிருந்தது. பழையதும் அழிந்தது, புதியதும் முழுமை பெறவில்லை.

2012-ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மின்சாரம் போனால் எட்டுத் தறிகளும் நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் அதுவரை நெய்த துணி உருளையில் பத்திரமாக இருக்கும். போன நேரம் மட்டும்தான் நட்டம். கணினியில் நெய்த துணியும் சேர்ந்தே போய்விடுகிறது. பயிற்சியை இழந்த அந்த இரவுக்குப் பிறகு சேமிப்பதை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் எழுதி முடிந்ததைச் சரிபார்த்த பிறகே பெயரை மாற்றுகிறோம். கடைசி மூன்று சேமிப்புகளை வைத்துக்கொள்கிறோம். அவை பறிபோகக்கூடிய கணினியின் வட்டில் அல்லாமல் தனிச் சேமிப்பகத்தில் இருக்கின்றன.

எதைச் சேமிப்பது என்பதிலும் ஒருமுறை தவறினோம். வலைப்பின்னலின் எடைகளை, அதாவது அது கற்றுக்கொண்ட எண்களை, மட்டும் சேமித்துவிட்டு மீண்டும் தொடங்கியபோது, பிழை மதிப்பின் வரைகோடு அந்த இடத்தில் செங்குத்தாக எழும்பி, மெல்ல மெல்ல இறங்கியது. எடைகளைத் திருத்த நாங்கள் பயன்படுத்தும் ஆடம் முறை ஒவ்வொரு எடைக்கும் இரண்டு நகரும் சராசரிகளைத் தன்னிடம் வைத்திருக்கும். அவற்றைச் சேமிக்காமல் விட்டால் அது எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். கற்றல் வேகத்தின் நிலை, சமவாய்ப்பு எண்களின் நிலை, படங்களின் வரிசையில் எங்கே இருந்தோம் என்பவையும் அப்படியே. நின்று கிளம்பிய தறி துணியில் ஒரு கோட்டை விடும். நாங்கள் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த அதே குறை எங்கள் பயிற்சியின் வரைகோட்டிலேயே விழுந்திருந்ததைப் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சேமிப்பது என்பதற்கு 1974-இல் ஜான் யங் ஓர் எளிய வழி சொன்னார். ஒருமுறை சேமிக்க ஆகும் நேரத்தையும், சராசரியாக எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கணினி பறிபோகிறது என்பதையும் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். எங்களுக்குச் சேமிக்க 2 நிமிடம், பறிபோவது சராசரியாக 6 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பதிவேட்டிலிருந்து தெரிந்தது. விடை 38 நிமிடம். அதற்கு முன் பயத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்துக்கொண்டிருந்தோம். அதாவது நாளில் கணிசமான பங்கு எழுதுவதிலேயே போய்க்கொண்டிருந்தது. ஓபன்ஃபோமிலும் எழுதும் இடைவெளியை இதே கணக்கில் வைத்து, கடைசியாக எழுதிய நேரத்திலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மென்பொருளை, அது ஓடத் தேவையானவற்றோடு சேர்த்து, அப்டெய்னர் என்ற கருவியால் ஒரே பொதியாக (கன்டெய்னராக) கட்டி எடுத்துப் போகிறோம். உள்ளே இருக்கும் எம்பிஐ, வெளியே இருக்கும் எம்பிஐ இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். முடிவுக் கோப்புகளைக் கோயம்புத்தூருக்கு இறக்குவதில்லை, வெளியே போகும் தரவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. படங்களையும் அட்டவணைகளையும் அங்கேயே தயாரித்து அவற்றை மட்டும் கொண்டுவருகிறோம். ஒரு பொங்கல் விடுமுறையில் ஜிபியு கணினி ஒன்று நான்கு நாளும் வேலையின்றி எரிந்துகொண்டிருந்த பிறகு, பத்து நிமிடம் வேலை இல்லாத கணினியைத் தானாகவே திருப்பிக் கொடுக்கும்படி, கிளஸ்டரில் வேலைகளைப் பங்கிடும் ஸ்லர்ம் மென்பொருளில் அமைத்தோம்.

போன மாதம் ஓர் இரவு இரண்டு மணிக்கு மேல் துணிப் பயிற்சியின் கணினி மறுபடி பறிபோனது. எனக்குக் காலையில்தான் தெரிந்தது. பதிவேட்டில் 2:14-க்கு முன்னறிவிப்பு, 2:15-க்குச் சேமிப்பு முடிந்தது, 2:31-க்கு வேறொரு கணினி கிடைத்து விட்ட இடத்திலிருந்து தொடங்கியது என்று மூன்று வரிகள் இருந்தன. பிழை மதிப்பின் வரைகோட்டைப் பெரிதாக்கி அந்த இடத்தைத் தேடினேன். கோடு எங்கே விழுந்திருக்க வேண்டும் என்பது நேரத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை.