சூடானால் ஸ்டார்ட் ஆகாத புல்லட்

அப்பாவின் புல்லட் 1984 மாடல், 350. முழங்கால் தேய்ந்துபோன பிறகு அவரால் கிக்கரை உதைக்க முடிவதில்லை. இரண்டு வருடமாக உதைப்பது நான்தான். அப்பா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சத்தத்தை மட்டும் கேட்பார்.

இந்த மே மாதம் வண்டி ஒரு புதுப் பழக்கம் பிடித்துக்கொண்டது. காலையில் ஒன்றிரண்டு உதையில் கிளம்பிவிடும். ஏழெட்டு கிலோமீட்டர் ஓடி, பெட்ரோல் பங்கிலோ ரயில்வே கேட்டிலோ நிறுத்தினால் அவ்வளவுதான். எத்தனை உதைத்தாலும் அசையாது. அரை மணி நேரம் நிழலில் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். தெரிந்த மெக்கானிக்கிடம் மூன்று முறை கொண்டுபோனேன். மூன்று முறையும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஜெட்டை ஊதி, ஒருமுறை பொறி கொடுக்கும் பிளக்கையும் மாற்றினார். நாமக்கல் வெயிலில் நான்காவது முறையாகத் தள்ளிக்கொண்டு வந்த அன்று, இனி நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"கார்புரேட்டர் கோளாறுன்னு வர்ற வண்டியில பாதி, கரண்டு கோளாறுதான் கண்ணு. ஆனா எதையும் கழட்டாம மொதல்ல கேளு" என்றார் அப்பா. லாரி பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்தவர். அவர் 'கேளு' என்றால் வரிசையாகச் சோதி என்று அர்த்தம். ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும்தான் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு வண்டி ஓடினால், எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது.

சரி, முதலில் பெட்ரோல். டியூபைக் கழற்றி டேப்பைத் திறந்தேன். தடையில்லாமல் வந்தது. டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருந்தால், ஓட ஓட பெட்ரோல் வருவது குறைந்து வண்டி நின்றுவிடும், சிறிது நேரம் கழித்துத் திரும்ப ஓடும். கிட்டத்தட்ட இதே அறிகுறி. அதனால் அடுத்த முறை நின்றபோது மூடியைத் திறந்துவைத்து உதைத்தேன். பலனில்லை. பிளக்கைக் கழற்றினால் முனை ஈரமாக, பெட்ரோல் வாசத்தோடு இருந்தது. பெட்ரோல் வருகிறது, எரியத்தான் இல்லை. பிளக் காய்ந்திருந்தால் கார்புரேட்டர் பக்கம் போயிருக்க வேண்டும்.

கம்ப்ரஷனும், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலமும், நன்றாக இருந்தது. அந்த அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷர் லிவரைப் பிடிக்காமல் கிக்கரில் நின்றால் என் எடையைச் சில நொடி தாங்கியது.

பாக்கி இருப்பது கரண்ட். புல்லட்டில் இதற்கு ஒரு வசதி உண்டு. ஹெட்லைட் மேலே இருக்கும், கரண்ட் ஓட்டத்தைக் காட்டும் ஆம்ப் மீட்டர். சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அழுத்தினால், பாயிண்ட் (பொறிக்கான கரண்டைச் சேர்த்தும் அறுத்தும் விடும் சின்ன சுவிட்ச்) மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாயும், பாயிண்ட் திறக்கும்போது நடுவுக்கு வரும். கிக்கருக்கு எந்த இடத்தில் பலம் கொடுப்பது என்று பழைய ஆட்கள் இந்த முள்ளைப் பார்த்துத்தான் சொல்வார்கள். நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரஷரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டுவிட்டு, முழுசாக ஒரு உதை. வண்டி நின்ற நேரத்திலும் முள் ஒழுங்காகத்தான் ஆடியது.

"முள்ளு ஆடுதா?"

"ஆடுதுங்கப்பா."

"அப்ப பாயிண்ட் வரைக்கும் கரண்டு வருது. அதுக்கு அப்புறம்தான் என்னமோ ஆவுது."

பிளக்கைக் கேப்போடு சிலிண்டர் மேல் சாய்த்து உதைத்துப் பார்த்தேன். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். வண்டி ஆறியிருக்கும்போது நீலமாக, 'டிக்' என்று சத்தம் கேட்கும்படி பொறி வந்தது. சூட்டில் மஞ்சளாக, மெலிந்து, சில உதைக்கு வராமலே போனது.

அன்று இருட்டிய பிறகு அப்பா வாசல் விளக்கை அணைக்கச் சொன்னார். சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் பாயிண்டின் மூடியைக் கழற்றிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தேன். முதல் சில நிமிடம் பாயிண்ட் இடுக்கில் ஊசிமுனை அளவு நீலப் புள்ளி. சூடு ஏற ஏற அது வெள்ளையாகப் பெருத்து, சின்ன வெல்டிங் மாதிரி சிதற ஆரம்பித்தது. கூடவே என்ஜின் தடுமாறி நின்றது. மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால், பாயிண்டின் ஒரு முகத்தில் சிறு மேடு, எதிர் முகத்தில் அதே அளவு குழி.

கோளாறு கண்டன்சரில். பாயிண்டோடு இணைந்து, கரண்டைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் சின்ன டப்பா அது. பாயிண்ட் விலகும் நொடியில், பிளக்குக்கு வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் காயிலின் முதல் கம்பிச் சுற்றில் ஓடும் கரண்ட் சட்டென்று நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் இரண்டாவது சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து பிளக்கைத் தாண்டும். அந்த நொடியின் கரண்டைக் கண்டன்சர் வாங்கிக்கொள்ளாவிட்டால், அது பாயிண்ட் இடுக்கிலேயே தாவி எரிகிறது. பிளக்குக்குப் போக வேண்டிய பலம் அங்கேயே வீணாகிறது. பழைய கண்டன்சர் சூட்டில் விடும், ஆறினால் சேரும்.

உறுதி செய்துகொள்ள, வண்டி முழுக்க ஆறியிருந்தபோது ஹேர் டிரையரை எடுத்துக் கண்டன்சருக்கு மட்டும் சூடு காட்டினேன். நீலப் பொறி என் கண் முன்னாலேயே மஞ்சளாக மாறியது. அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

புதுக் கண்டன்சர் வாங்கி மாட்டினேன். வண்டி ஆறியிருந்தும் ஸ்டார்ட் ஆகவே இல்லை. மூன்று நாள் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். வயரிங்கை எல்லாம் பார்த்து முடித்தபிறகுதான் அந்தப் புதுக் கண்டன்சரையே மல்டிமீட்டரில் வைக்கத் தோன்றியது. சுமார் 0.2 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டியது ஒன்றுமே காட்டவில்லை. டப்பாவிலிருந்து வரும்போதே செத்த பொருள். இப்போது பழைய வண்டிக்குக் கிடைக்கும் பாயிண்ட், கண்டன்சர் எல்லாம் ஒரே தரத்தில் வருவதில்லை. அடுத்த தடவை மீட்டரைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே நாலைந்தை அளந்து ஒன்றை எடுத்தேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

பாயிண்டையும் புதிதாகப் போட்டேன். இடுக்கை அளக்கும் தகடான ஃபீலர் கேஜில் 0.38 மில்லிமீட்டர் இடைவெளி, கேஜை இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் பாயிண்டின் முகத்தைச் சுத்தமான காகிதத்தால் துடைத்துவிட்டு மூடினேன். 1950-களில் சென்னையில் புல்லட் தயாரிக்க ஆரம்பித்ததிலிருந்து பல காலம் இந்த என்ஜினின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. அதனால்தான் அப்பா இருபது வயதில் கற்றது இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. எனக்கு அது பெரிய ஆறுதல்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து மோகனூர் போனேன். நல்ல வெயில். காவிரிக்கரைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை வந்ததும் அப்பா தோளைத் தட்டி, "இங்கயே ஆஃப் பண்ணு" என்றார். டீ குடித்தோம். சிலிண்டர் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. முள் நடுவுக்கு வரும் வரை அழுத்தி, டிகம்ப்ரஷரை விட்டு, ஒரே உதை.

அப்பா டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். "வீட்டுக்குப் போனதும் அந்த மூடியக் கழட்டு கண்ணு. பாயிண்ட் மூஞ்சியப் பாக்கோணும்."