அக்கி ஆறியது, எரிச்சல் ஆறவில்லை

அம்மாவுக்கு விலாவில் வந்த அக்கிக் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்துவிட்டன. எரிச்சல் மட்டும் மாதக்கணக்கில் நின்றுவிட்டது. ரவிக்கை உரசினாலே துடித்துப்போவார். காவேரிப்பட்டணத்தில் எங்கள் பக்கத்து வழக்கப்படி குயவர் வீட்டில் காவியால் அக்கி எழுதினோம். அம்மாவுக்கு மனத்தெம்பு வந்தது, வலி குறையவில்லை. அக்கி எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். ஆனால் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போய் வைரஸுக்கான மாத்திரையையும் தொடங்கிவிட வேண்டும்.

கிருஷ்ணகிரியில் நரம்பு மருத்துவர் விளக்கினார். சின்னம்மை வைரஸ் நரம்பு வேரில் பதுங்கியிருந்து, பெரும்பாலும் வயதான பின் அக்கியாகக் கிளம்புகிறது. அது கெடுத்த நரம்பு, தோல் ஆறிய பிறகும் வலியைக் கிளப்பிக்கொண்டே இருக்குமாம். வலிக்கு முதலில் தந்த மாத்திரையால் அம்மாவுக்குத் தலைசுற்றல், பகலெல்லாம் மயக்கத் தூக்கம். அதனால் அளவைக் குறைத்து, லிடோகெயின் 5 சதவீத பேட்ச் (தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை) எழுதினார். பல் பிடுங்கும்போது ஊசியில் போடுகிற அதே மருந்துதான். இங்கே தோல் முழுக்க மரத்துப்போவதில்லை, தொட்டால் தெரியும், எரிச்சல்தான் அடங்கும்.

மருந்துக்கடையில் இருப்பில் இல்லை, சொல்லிவைத்து வரவழைத்தோம். விலை அதிகம்தான்.

ஒட்டுவதில்தான் பக்குவம் இருக்கிறது. நான் விரலால் தடவிக்கொண்டே போக, "இதுவரைக்கும்தான் கண்ணு, இதற்கு மேலே இல்லை" என்று அம்மா சொன்ன இடங்களில் பேனாவால் புள்ளி வைத்தேன். செய்தித்தாளை அந்த வடிவில் வெட்டி, அதை அளவாக வைத்துப் பேட்சைக் கத்தரித்தேன். பின்தாளை உரிப்பதற்கு முன்பே கத்தரித்துவிட வேண்டும். புண்ணோ கொப்புளமோ உள்ள தோலில் ஒட்டவே கூடாது.

ஒரு நாளில் 12 மணி நேரம் ஒட்டலாம், அடுத்த 12 மணி நேரம் தோலைச் சும்மா விட வேண்டும். அம்மாவுக்கு இரவில்தான் வலி கூடும் என்பதால் இரவு எட்டு மணிக்கு ஒட்டிக் காலை எட்டு மணிக்கு எடுத்தோம். பக்கத்து வீட்டுப் பாட்டி அன்போடு வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்தார். வேண்டாம் என்று தடுத்தேன். பேட்சின் மேல் சூடு பட்டால் மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் கலக்கும். இதயத் துடிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கழற்றிய பேட்சிலும் மருந்து நிறைய மிச்சமிருக்கும். வீட்டில் பேரக்குழந்தை தவழ்கிறாள். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, அவள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துகிறோம்.

சில வாரங்களில் அம்மா அந்தப் பக்கம் புரண்டு படுக்கத் தொடங்கினார். வலி முழுதாகப் போய்விடவில்லை. மாத்திரை பாதியாகிவிட்டது, அதையும் நிறுத்த முடியுமா என்று அடுத்த முறை பார்க்கலாம் என மருத்துவர் சொல்லியிருக்கிறார்.